பெரியசாமிக்குத் தெரியாத பெரியசாமியின் நோய்

போன மாதம் உங்கள் துறைக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேசி முடித்த பிறகு எல்லாரும் டீயும் வடையுமாக நின்றுகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் பக்கத்தில் வந்து, தான் பார்க்கும் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். புராஸ்டேட்டில் புற்று. மெதுவாக வளரும் ரகம். உடனே அறுக்காமல் கண்காணிப்பில் வைத்திருக்கிறாராம். நல்ல முடிவுதான் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே, நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவருக்குத் தெரியாது மேடம். ஃபேமிலிகிட்ட மட்டும் சொல்லியிருக்கோம். அவங்கதான் சொல்ல வேணாம்னாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஏதோ பெரிய கருணை செய்துவிட்ட முகம்.

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மேடத்துக்கு வயசாகிவிட்டது, சுகர் ஏறியிருக்கும், அதுதான் முகம் அப்படி மாறிவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. எனக்குச் சுகர் இல்லை. கோபம்தான் இருக்கிறது, அதுவும் பழைய கோபம். அதை உங்களுக்கே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் சிறுநீரகப் பிரிவில் அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மாறி மாறி வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கதை எந்த மருத்துவமனையில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை. ஆள் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கே நடந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். எங்கேயும் நடக்கும்.

பெண் மருத்துவர் இந்தப் பிரிவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே சீட்டு வாங்கும்போது "ஒண்ணுக்குப் போவ செரமம்" என்று சொன்ன மனிதர், உள்ளே என்னைப் பார்த்ததும் "முதுவு வலிங்கம்மா" என்பார். அவர் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். அப்படி ஒரு மனிதர் வெட்கத்தை விட்டு, வேட்டியை அவிழ்த்து, பரிசோதனைக்கெல்லாம் உடம்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் முடிவை அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்கிறீர்கள் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

பெரியசாமி குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம், மானாவாரியில் மக்காச்சோளம், பருத்தி. மனைவி அஞ்சலை. ஒரே மகன் இளவரசன், அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் வேலை. பெரியசாமிக்குச் சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு வந்து, ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் எழுந்து, சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் புற்று என்று வந்தது. ஆனால் வீரியம் குறைந்தது. புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கி இருந்தது.

அந்தச் சமயம் நான் வேறு ஊருக்கு மாற்றுப் பணியில் போயிருந்தேன். என் பிரிவில் இருந்த இளம் மருத்துவர்தான் முடிவைப் பார்த்தார். கெட்டிக்காரப் பையன். உடனே அறுக்க வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்போம், விரலால் பரிசோதிப்போம், இடையில் ஸ்கேன், ஒரு வருடம் போல ஆனதும் மறுபடி சதைப் பரிசோதனை, நோய் முகம் மாறினால் அன்றைக்கே வைத்தியத்தில் இறங்குவோம் என்று முடிவெடுத்தார். நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். புத்தகத்தில் உள்ளதை அவர் அச்சுப் பிசகாமல் செய்தார். ஒரே ஒரு காரியத்தை மட்டும் தலைகீழாகச் செய்தார். முடிவை வராந்தாவில் வைத்து மகனிடம் சொன்னார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். சரி, உங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியசாமியை உள்ளே கூப்பிட்டு, "ஒண்ணுமில்லீங்க ஐயா, லேசா வீக்கம். அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

பெரியசாமி வந்தார். முதல் தடவை மகன் பைக்கில் கூட்டி வந்தான். அடுத்த தடவை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு வரவே இல்லை. சதைப் பரிசோதனைக்கு வர வேண்டிய காலமும் தாண்டிப் போயிருந்தது. நான் திரும்பி வந்து பொறுப்பெடுத்த பிறகு, கண்காணிப்பில் இருக்கும் ஆட்கள் எல்லாரும் எங்கே என்று தேடிப் பார்த்தபோது இவர் மட்டும் சிக்கவில்லை. மகனுக்குப் போன் போடச் சொன்னேன். மகன் தனியாக வந்து நின்றான்.

"அப்பா எங்கப்பா?"

"அவரு வர மாட்டேங்கிறாரும்மா. நல்லாத்தான இருக்கேன், எதுக்குடா சும்மா சும்மா கூப்புட்டு ரத்தத்த உறிஞ்சுறானுவன்னு கத்துறாரு."

"அவர் கேக்கறது சரிதானே. நீ என்ன பதில் சொன்னே?"

"வீக்கம்னுதாம்மா சொல்லி வச்சிருக்கோம்."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த இளம் மருத்துவர் எழுந்து வந்து, "குடும்பம் கேட்டுக்கிட்டாங்க மேடம்" என்றார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன் என்று மகன் பக்கம் திரும்பினேன். அவன் அடுத்த குண்டைப் போட்டான்.

"அவர எத்தன தடவம்மா பொய் சொல்லிக் கூட்டியாறது? அதான் திருச்சில ஒரு பெரிய ஆசுபத்திரில பாத்துட்டோம். திங்கக்கெழம அட்மிட். அறுத்து எடுத்துர்றேன்னுட்டாங்க. அப்பாகிட்ட கல்லுன்னு சொல்லிக்கிறோம். நீங்க அந்தச் சதை டெஸ்ட் ரிப்போர்ட்ட மட்டும் குடுத்தீங்கன்னா போதும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அறுப்பதற்கு ஒரு பொய் போதும். கல் என்று சொல்லலாம், கட்டி என்று சொல்லலாம். மயக்க ஊசி போட்டுவிட்டால் முடிந்தது. கண்காணிப்பில் அது நடக்காது. அங்கே வருடக்கணக்கில் ஒரு மனிதர் தன் காலால் நடந்து, பஸ் ஏறி, வேலையைப் போட்டுவிட்டு, எந்த வலியும் இல்லாத நேரத்தில் வர வேண்டும். எதற்காக வருகிறோம் என்று தெரியாத ஆள் எத்தனை தடவை வருவார்? ஆக, நோயாளியிடம் மறைத்த அந்த நிமிடமே கண்காணிப்பு செத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வழிதான். ஒன்று, அவர் வராமலே இருந்து நோய் முற்றும்வரை யாரும் பார்க்காமல் விடுவது. இன்னொன்று, தேவையே இல்லாமல் அறுத்துத் தொலைப்பது. நம் இளம் மருத்துவரின் கருணை பெரியசாமியை இந்த முச்சந்தியில்தான் கொண்டுவந்து நிறுத்தியது.

திருச்சி மருத்துவரின் எண்ணை வாங்கி நானே பேசினேன். எனக்குப் பழக்கமில்லாத குரல். நோய் வீரியம் குறைந்தது, இப்போது அறுக்க அவசியமில்லை, அறுத்தால் மூத்திரம் ஒழுகலாம், வேறு இழப்புகளும் உண்டு, இதையெல்லாம் நோயாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"மேடம், ஃபேமிலிதான் வற்புறுத்துறாங்க. நான் செய்யலன்னா வேற எவனாச்சும் செய்யத்தான போறான்" என்றார்.

"அப்படின்னா அந்த வேற எவனாச்சும் செய்யட்டும். நீங்க எதுக்கு அந்த எவனாச்சுமா இருக்கணும்?" என்றேன். எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. இன்றைக்கு நினைத்தாலும் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் இருக்கிறது.

மகனிடம் சொன்னேன்: "ரிப்போர்ட் உங்க அப்பாவோடது. அவர் வரட்டும், அவர் கையில குடுக்குறேன். என்னன்னு சொல்லித்தான் குடுப்பேன்."

அவன் முகம் மாறிவிட்டது. "அம்மா, உங்களுக்கு எங்க வூட்டு நெலம தெரியாது. எங்க பெரியப்பாவுக்கும் கேன்சருதான். தொண்டையில. டாக்டரு அவருகிட்டயே சொல்லிப்புட்டாரு. கொஞ்ச நாள்ல பருத்திக்கு அடிக்கிற மருந்தக் குடிச்சுட்டாரு. எங்கப்பாவும் அவருக்குத் தம்பிதான? நீங்க சொல்லி, அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதாம்மா பொறுப்பு. நான் சும்மா வுட மாட்டேன்."

எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே வரிசை வாசல்வரை நின்றுகொண்டிருந்தது. இந்தப் பையன் கெட்டவன் இல்லை. ஒரு சாவைப் பார்த்தவன். அவன் சொல்வது நடந்தால் ஆயுசுக்கும் என்னால் தூங்க முடியாது. ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டால் என் தலைவலி தீர்ந்தது, ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. அந்த மாதிரி நேரத்தில் நாம் எல்லாரும் செய்யத் துடிப்பது அதைத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சொல்வதில் ஆபத்து இருக்கிறது என்றால், பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், சொன்ன பிறகு கையை விடாமல் இருக்க வேண்டும். சொல்லாமலே விடுவதற்கு அது காரணம் ஆகாது.

மனநல மருத்துவரிடம் பேசி, மறுநாள் காலை அவரை வெளிநோயாளிப் பிரிவிலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். மகனிடம், "வீட்லயும் காட்லயும் பூச்சி மருந்து எங்க இருந்தாலும் இன்னைக்கே அப்புறப்படுத்திடு. நாளைக்குக் காலையில அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். வருவான் என்று எனக்கு நிச்சயமில்லை.

வந்தான். அப்பாவையும் அம்மாவையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு முதலில் அவன் மட்டும் உள்ளே வந்தான். முந்தின நாள் மிரட்டிய ஆளா இவன் என்று இருந்தது. குரலே எழும்பவில்லை.

"மோட்டார் கொட்டாயில ஒரு டப்பா இருந்துச்சும்மா. புதுசு. மூடியே தொறக்கல. நான் வாங்கல. அம்மாவும் வாங்கல."

"காட்டுக்கு வாங்கியிருப்பாரு."

"இல்லம்மா." வெளியே பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இந்த வருசம் நாங்க பருத்தியே போடல."

யாரிடம் எதை மறைத்தால் அவர் உயிர் பிழைப்பார் என்று நினைத்தார்களோ, அவர் அவர்களுக்குத் தெரியாமலே அந்த இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற இளம் மருத்துவரைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். "இங்கேயே இரு. எங்கயும் போகாதே. காது குடுத்துக் கேளு" என்றேன். மனநல மருத்துவரை உள்ளே அழைத்து ஓர் ஓரமாக உட்கார வைத்தேன். வெளி வரிசையை வேறு அறைக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

பெரியசாமி உள்ளே வந்தார். நெடுநெடுவென்ற ஆள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் நிற்பதா உட்காருவதா என்ற தடுமாற்றம். உட்காரச் சொன்னேன். அஞ்சலை சுவரோரம் நின்றுகொண்டார். மகன் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால்.

"ஐயா, உங்களுக்கு என்னன்னு இங்க சொன்னாங்க?"

"வீக்கம்னாங்க. இப்ப கல்லுங்கிறாங்க."

"நீங்க என்னன்னு நெனக்கிறீங்க?"

பதில் இல்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. நாம்தான் அந்த மௌனத்தைத் தாங்காமல் எதையாவது உளறிக் கெடுப்போம். நோயாளிக்கு அது தேவைப்படுகிற நேரம். கடைசியில் அவர் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

"தட்ட மாத்திட்டாளுங்க."

எனக்குப் புரியவில்லை.

"நான் திங்கிற தட்டு, தண்ணி குடிக்கிற சொம்பு, ரெண்டையும் தனியா கழுவி ஜன்னல்ல வைக்கிறா. பேரப்புள்ள கிட்ட வந்தா, தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்ல, இங்க வாடான்னு இழுத்துக்கிறா. பாடாலூர்ல இருந்து எம் மச்சான் ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டுப் போறாரு. வீக்கத்துக்கு எவன்மா ஹார்லிக்ஸ் வாங்கியாறான்? வீக்கம் என்ன தட்டுல ஒட்டிக்கிட்டு அடுத்தவனுக்குப் போவுமா?"

அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"என்ன நோயின்னு நெனக்கிறீங்க, சொல்லுங்க."

"எங்கண்ணனுக்கு வந்ததுதாங்க. எனக்குத் தெரியும். எத்தன மாசம்னுதான் தெரியல. அதக் கேட்டா இவனுவ அழுவானுவ. அதனால கேக்கல."

"முழுசா சொல்லணுமா, உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்க விருப்பமோ அவ்வளவு சொல்லட்டுமா?"

"முழுசா சொல்லுங்கம்மா. ஒளிச்சு வச்சதெல்லாம் போதும்."

சொன்னேன். புற்றுதான் என்று அந்த வார்த்தையை மெல்லாமல் விழுங்காமல் சொன்னேன். அதே மூச்சில், இது உங்கள் அண்ணனுக்கு வந்தது இல்லை, வேறு சாதி நோய், ரொம்ப மெதுவாக வளர்வது, பல பேருக்குக் கடைசிவரை தொந்தரவே தராமல் போகும், யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது என்றும் சொன்னேன். "பட்டறை போட்டு வெங்காயத்தச் சேத்து வச்சுட்டு, அழுவுதான்னு அப்பப்ப கைய வுட்டுப் பாப்பீங்கல்ல? அந்த மாதிரி பாத்துக்கிட்டே இருக்கணும். கெடுதல் ஆரம்பிச்சா உடனே வைத்தியம். அதுக்குத்தான் ரத்தம் எடுக்குறோம். உறிஞ்சிக் குடிக்கிறதுக்கு இல்ல." அறுத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும், மூத்திரம் எப்படி ஒழுகலாம், ஆண்மை என்ன ஆகலாம், எல்லாவற்றையும் அவர் மனைவி முன்னாலேயே, அவரிடம் கேட்டுக்கொண்டு, சொன்னேன்.

"எத்தன மாசம்?" என்றார் மறுபடியும், காதில் விழாதவர்போல.

"மாசக் கணக்கே இல்லீங்க. பாக்க வந்துக்கிட்டிருந்தா வருசக் கணக்குதான்."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன்மேல் ஓங்கி வீசினார்.

"வெங்காயம் நடாம பட்டத்த வுட்டேன்டா. வெதச் சின்ன வெங்காயத்த அப்படியே வித்துப்புட்டேன். கறவையப் புடிச்சுக் குடுத்தேன். நான் போனப்பறம் எவன் பாப்பான்னு கெணத்தத் தூர் வாராம போட்டேன். ஒரு வருசமாடா, ஒரு வருசமா உசுரோட பாடையில படுக்க வச்சிருக்கீங்களேடா!"

"பெரியப்பா மாதிரி ஆயிருவீங்களோன்னுதாம்ப்பா..."

"எங்கண்ணன் நோவுக்குப் பயந்தாடா குடிச்சாரு? ஒனக்கு என்னடா தெரியும்? கூடத்துல வந்து உக்காந்தா ஆளாளுக்கு வேல இருக்குன்னு எந்திரிச்சுப் போவீங்க. மாட்டுக் கொட்டாயிலதான் அவருக்குச் சோறு. நானுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த பேச ஆளில்லாமதான்டா குடிச்சாரு."

மகன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியசாமி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கல்லாம் படிச்சவங்கதான? எம் மூத்திரம், எந் தேகம், எங்கிட்ட சொல்ல ஒங்களுக்கு என்னங்க கேடு?"

இளம் மருத்துவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தக் கோபத்தை யாரும் சமாதானம் சொல்லிக் குறைக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. சாகப் போகிறோம் என்று ஒப்புக்கொடுத்துவிட்ட மனிதர் இப்படிக் கோபப்பட மாட்டார்.

அவர் உட்கார்ந்த பிறகு, நேராகவே கேட்டேன். "மோட்டார் கொட்டாயில இருந்த மருந்து டப்பா எதுக்குங்க வாங்கினீங்க?"

கேட்கலாமா, கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிட்டதுபோல ஆகிவிடுமோ என்று உங்களில் பலர் தயங்குவீர்கள். கிளப்பாது. கேளுங்கள். கேட்க ஒரு ஆள் இல்லாமல்தான் அந்த எண்ணம் உள்ளேயே கிடந்து வளர்கிறது.

மகனைக் காட்டிச் சொன்னார். "அறுக்கணும்னு இவன் ஆசப்படுறான். சரி, அறுத்துக்கட்டும். நாளைக்கு அப்பாவுக்கு ஒண்ணும் செய்யலியேன்னு அவன ஊரு பேசக்கூடாது பாருங்க. அறுத்துட்டு வந்தப்பறம் படுத்துக் கெடந்து இவங்களுக்குப் பாரமா இருக்காம..."

முடிக்கவில்லை. மகன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மனநல மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பெரியசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முழுவதும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பிறகும் பல வாரங்கள் அவர் அந்த மருத்துவரிடம் வந்துகொண்டிருந்தார்.

மகன் ஆசைப்படுகிறான் என்பதற்காக அப்பா கத்திக்குக் கழுத்தை நீட்டுகிறார். அப்பாவிடம் சொல்ல முடியாததால் மகன் கத்திக்கு ஏற்பாடு செய்கிறான். குடும்பம் கேட்கிறது என்று ஒருவர் அறுக்கத் தயாராக இருக்கிறார். குடும்பம் கேட்டது என்று இன்னொருவர் வாயைச் சாத்திக்கொண்டார். இத்தனை பேரில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எவனையாவது ஒருத்தனைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அன்று மதியம் இளம் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். அவர் மெல்லச் சொன்னார், "நம்ம ஊர்ல இப்படித்தான மேடம். இதுதான நம்ம வழக்கம்."

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்ம ஊர் மேல் பழி போடாதீர்கள். கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆனால் மெக்கானிக் யாரிடம் சொல்கிறான்? மோட்டாருக்குச் சொந்தக்காரனிடம்தானே? அவன் மனசு தாங்காது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரன் காதில் ஓதிவிட்டுப் போகிறானா? மனிதன் உடம்பு என்றால் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த வழக்கம்? உண்மையைச் சொன்னால் நாம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், கூட உட்கார வேண்டும், அழுதால் தாங்க வேண்டும். வெளியே வரிசை நிற்கிறது, நமக்கு அலுப்பாக இருக்கிறது. மகனிடம் சொன்னால் வராந்தாவில் நின்றபடியே முடிந்துவிடும். நம் சோம்பலுக்கு ஊர் வழக்கம் என்று பேர் வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரையும் பிடித்து உட்கார வைத்து முகத்தில் அறைந்தாற்போல் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. செட்டிகுளத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, எம் பொண்ணுகிட்ட பேசிக்கங்க, அவ சொன்னா நான் வருவேன்" என்று அவராகவே சொன்னார். அது அவர் உரிமை. சொன்னபடியே செய்தோம், மகள் கூட்டி வந்தாள், அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் அதைச் சொன்னது அவர். அவரைக் கேட்டோம், அவர் சொன்னார். பெரியசாமியை யாரும் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை திருச்சிக்கு யாரும் போகவில்லை. பெரியசாமி எங்களிடம் வர ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வருவதற்கு யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாமதமானால் அவரே போன் போட்டு, "என்னம்மா, என்னைய மறந்துட்டீங்களா, ரத்தம் எடுக்க எப்ப வரட்டும்?" என்று அதட்டுவார். அதே இளம் மருத்துவரைத்தான் அவர் வரும்போதெல்லாம் பார்க்கச் சொன்னேன். முதலில் பெரியசாமி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் விடவில்லை. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அவர் ரத்தத்தில் அளவு ஏறியது. சதைப் பரிசோதனையில் நோய் முகம் மாறத் தொடங்கியிருந்தது. கண்காணிப்பில் இருந்ததால்தான் அது கையில் சிக்கியது, இன்னும் சுரப்பிக்குள்ளேயே இருந்தது. மகனும் அஞ்சலையும் வழக்கம்போலக் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இளம் மருத்துவர் பெரியசாமியை மட்டும் உள்ளே அழைத்தார், நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, இந்தத் தடவ மாறியிருக்கு. இனிமே பாத்துக்கிட்டு மட்டும் இருந்தா பத்தாது" என்று தொடங்கினார். நான் பக்கத்து மேசையில் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெரியசாமி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். அறுப்பதா, கரண்டு வைப்பதா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுக்கு அந்தப் பெயர்தான். இரண்டிலும் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டார். கரண்டு வைத்துக்கொள்கிறேன் என்றார். தினமும் போய்வர வேண்டியிருக்குமே, வாரக்கணக்கில், என்றார் மருத்துவர். போவேன் என்றார்.

"வெளிய இருக்கறவங்ககிட்ட நான் சொல்லட்டுமா ஐயா?"

"வேணாம். எந் தேகம். நானே சொல்லிக்கிறேன்."

எழுந்து வெளியே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது, மகன் எழுந்து நின்றான். பெரியசாமி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு, தானும் உட்கார்ந்தார்.

"அழுவறத அப்பறம் வச்சுக்கலாம். மொதல்ல நான் சொல்றத முழுசா கேளுங்க" என்றார்.